அத்தியாயம் 6: கூச்சப்படும் வகுப்பைப் பேசவைத்தல்

சமுதாயக் கல்லூரியில் பேச்சுப் பயிற்சி வகுப்பை எடுக்க ஒப்புக்கொண்டிருக்கிறீர்கள். எதிரே பத்தாம் வகுப்போடு நின்றவர் இருப்பார், பிளஸ் டூ முடித்துச் சில வருடம் வீட்டிலிருந்த பெண் இருப்பார், பிள்ளையைப் பள்ளியில் விட்டுவிட்டு வரும் தாய் இருப்பார், இரவு ஷிப்ட் முடித்து நேராக வகுப்புக்கு வந்த இளைஞரும் இருப்பார். இவர்களில் பெரும்பாலோர் பள்ளியில் எழுந்து நின்றது கேள்விக்குப் பதில் தெரியாதபோது மட்டும்தான். எழுந்து நிற்பதையே தண்டனையாக அறிந்தவர்களிடம்தான் நீங்கள் மேடைப்பேச்சைத் தொடங்கப் போகிறீர்கள்.

அமெரிக்காவில் 1901-ல் ஜோலியட் நகரில் தொடங்கிய இந்த வகைக் கல்லூரி, 1995-ல் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் வழியாகவும், 1996-ல் சென்னை மயிலை உயர் மறைமாவட்டத்தின் வழியாகவும் நம் பக்கம் வந்தது. இங்கே அதன் நோக்கம் அன்றும் இன்றும் ஒன்றுதான்: படிப்பு விட்டுப்போனவர்களுக்குக் கைத்தொழிலும் வேலையும். ஆகவே உங்கள் வகுப்பில் பட்டிமன்றப் பேச்சாளர் உருவாக வேண்டியதில்லை. ஏ.சி. மெக்கானிக் வாடிக்கையாளரிடம் பழுதை விளக்க வேண்டும், செவிலியர் உதவியாளர் நோயாளியின் நிலையை டாக்டரிடம் சொல்ல வேண்டும், தையல் படித்தவர் விலை பேச வேண்டும். இதுதான் பாடம்.

ஒரே ஒரு விதியை மனதில் வையுங்கள்: பேசியவருக்கு மட்டுமே பேச்சு வரும். 50 நிமிட பீரியடில் 40 நிமிடம் நீங்கள் பேசிவிட்டால், அன்று பயிற்சி கிடைத்தது உங்களுக்கு மட்டும்தான். இந்த அத்தியாயம் முழுவதும் மாணவர்களின் வாய்க்கு நேரம் தேடித் தருவதைப் பற்றியது.

முதலில் ஒரு கணக்கு

வகுப்பில் 36 பேர் என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்கு 3 நிமிடப் பேச்சு, 2 நிமிடம் கருத்து என்றால் 180 நிமிடம். கிட்டத்தட்ட நான்கு பீரியட் போய்விடும். அதுவரை ஒருவர் பேச 35 பேர் சும்மா உட்கார்ந்திருப்பார்கள். பல வகுப்புகள் இரண்டாவது வாரத்திலேயே சோர்ந்துபோவது இதனால்தான்.

அதையே இரண்டிரண்டு பேராகப் பிரித்தால் 18 பேர் ஒரே சமயத்தில் பேசலாம். 6 நிமிடத்தில் வகுப்பே பேசி முடித்துவிடும். அறை சந்தைக்கடை மாதிரி இரையும். இரையட்டும். பக்கத்து அறை ஆசிரியரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். தனிப்பேச்சை ஒரு நாளைக்கு ஆறு பேருக்கு மேல் வைக்காதீர்கள்.

அறையைத் தயார் செய்தல்

1. நாற்காலிகளை 'ப' வடிவில் போடுங்கள். பேசுபவருக்கு எல்லா முகமும் தெரியும். கடைசி பெஞ்சு என்ற ஒன்றே இருக்காது.
2. பேசுமிடத்தைச் சுவரிலிருந்து இரண்டடி தள்ளித் தரையில் சாக்கட்டியால் குறித்து வையுங்கள். பயந்தவர்கள் பின்னால் நகர்ந்து நகர்ந்து கரும்பலகையில் ஒட்டிக்கொள்வார்கள். அந்தக் கோடு அவர்களை நிறுத்தும்.
3. பச்சை, மஞ்சள், சிவப்பு அட்டைகள் மூன்று வெட்டிக்கொள்ளுங்கள். 1924-ல் கலிஃபோர்னியாவில் ரால்ஃப் ஸ்மெட்லி தொடங்கிய டோஸ்ட்மாஸ்டர்ஸ் மன்றங்களில் இந்த மூன்று நிறங்களில் விளக்கு எரியும். நமக்கு அட்டை போதும். 3 நிமிடப் பேச்சென்றால் இரண்டாவது நிமிடத்தில் பச்சை, இரண்டரையில் மஞ்சள், மூன்றில் சிவப்பு. அட்டை காட்டும் வேலையைத் தினம் ஒரு மாணவருக்குக் கொடுங்கள்.
4. ஒரு குடம் தண்ணீரும் டம்ளரும் எப்போதும் அறையில் இருக்கட்டும்.

முதல் வகுப்பு

"ஒவ்வொருவராக முன்னால் வந்து உங்களை அறிமுகம் செய்துகொள்ளுங்கள்" என்று தொடங்குவதுதான் வழக்கம். செய்யாதீர்கள். வரிசையில் இருபதாவதாக இருப்பவர் தன் முறை வரும்வரை யார் பேசியதையும் கேட்பதில்லை. உள்ளங்கை வேர்க்கத் தன் மூன்று வரியையே உருப்போட்டுக்கொண்டிருப்பார். அதற்குப் பதில் இப்படிச் செய்யுங்கள்:

1. முன்பின் தெரியாத இருவரை ஜோடி சேருங்கள். சேர்ந்து வந்த தோழிகளைப் பிரித்து உட்காரவையுங்கள்.
2. கரும்பலகையில் மூன்று கேள்விகளை எழுதுங்கள்: உங்களை எப்படிக் கூப்பிட வேண்டும்? உங்களுக்குக் கைவந்த வேலை எது? இந்தப் படிப்பு முடிந்ததும் முதலில் என்ன செய்யப் போகிறீர்கள்?
3. ஆளுக்கு 2 நிமிடம். ஒருவர் கேட்க, மற்றவர் சொல்ல, பிறகு மாற்றி. எழுதிக்கொள்ள வேண்டாம்.
4. இப்போது ஒவ்வொருவரும் இருந்த இடத்திலேயே எழுந்து, பக்கத்திலிருப்பவரைப் பற்றி இரண்டே வாக்கியம் சொல்லட்டும்.

தன்னைப் பற்றிப் பேசுவதைவிட அடுத்தவரைப் பற்றிப் பேசுவது எளிது. அதோடு, கேட்டால்தான் சொல்ல முடியும் என்பதால் கேட்கும் பயிற்சியும் முதல் நாளே தொடங்கிவிடுகிறது.

அறிமுகத்தில் கேட்கவே கூடாத சில கேள்விகள் உண்டு. அப்பா என்ன வேலை செய்கிறார், எந்தத் தெரு, பத்தாம் வகுப்பில் எத்தனை மதிப்பெண், கல்யாணம் ஆகிவிட்டதா? இவை சாதாரணமாகத் தோன்றும். ஆனால் நம் ஊரில் தெருப் பெயர் சாதியைச் சொல்லிவிடும். அப்பா இல்லாத பிள்ளைகள், வீட்டை விட்டு வந்த பெண்கள், கணவனைப் பிரிந்தவர்கள் எல்லோரும் உங்கள் வகுப்பில் இருக்கக்கூடும். முப்பது பேர் முன்னால் அவர்களைப் பொய் சொல்லவோ தலைகுனியவோ வைத்துவிட்டால், அதற்குப் பிறகு நீங்கள் என்ன கற்றுக்கொடுத்தாலும் அவர்கள் வாய் திறக்க மாட்டார்கள். இந்த விஷயத்தில் விட்டுக்கொடுக்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

படிப்படியாக முன்னால் கொண்டுவருதல்

1. முதல் வாரம்: அறிமுகத்துக்குப் பின் உட்கார்ந்தபடி ஜோடியில் பேச்சு.
2. இரண்டாம் வாரம்: இருந்த இடத்தில் எழுந்து நின்று நான்கு வாக்கியம்.
3. மூன்றாம் வாரம்: நான்கு பேர் சேர்ந்து முன்னால் வந்து ஒரே விஷயத்தைப் பங்கிட்டுச் சொல்லுதல். தனியாக நிற்க அஞ்சுபவருக்கு மூன்று பேர் துணை.
4. நான்காம், ஐந்தாம் வாரம்: கையில் பொருளோடு தனியாக 2 நிமிடம்.
5. ஆறாம் வாரம் முதல்: மைக்கோடு 3 நிமிடம், முடிவில் இரண்டு கேள்விக்குப் பதில்.

யாராவது ஒரு படியில் நின்றுவிட்டால் அங்கேயே இன்னொரு வாரம் இருக்கட்டும். "முடியாது சார்" என்பவரிடம், "சரிம்மா, இன்னைக்கு உட்கார்ந்தே சொல்லு" என்று சொன்னால் போதும். அன்று பேசாமலேயே விட்டுவிடுவதும் தவறு, பிடித்து இழுத்து வருவதும் தவறு.

கூச்சம் படிப்பில்லாதவரின் குறை என்று நினைப்பவர்களுக்கு, லண்டனில் சட்டம் படித்தபோது காந்தி பட்ட பாட்டைச் சொல்லுங்கள். சைவ உணவுச் சங்கக் கூட்டத்தில் தன் கருத்தை எழுதி எடுத்துப்போயும் அவரால் வாசிக்க முடியவில்லை, வேறொருவர்தான் வாசித்தார். இதைச் 'சத்திய சோதனை'யில் அவரே எழுதியிருக்கிறார்.

கையில் பொருளோடு பேச்சு

இந்தப் பாடத்தின் உயிர் இதில்தான் இருக்கிறது. "தாய்மை", "நேரம் தவறாமை", "மரம் வளர்ப்போம்" என்று தலைப்புக் கொடுத்தால் பள்ளிப் பேச்சுப் போட்டியின் மனப்பாட வரிகள்தான் வரும். தலைப்பு கொடுக்காதீர்கள். அவர்கள் படிக்கும் தொழிலிலிருந்து ஒரு செய்முறையைப் பொருளோடு விளக்கச் சொல்லுங்கள். கைக்கு வேலை இருந்தால் நடுக்கம் குறையும். கண்ணுக்குப் பார்க்க ஒன்று இருக்கும். அடுத்து என்ன என்பதை அந்தப் பொருளே நினைவூட்டும்.

ஏ.சி. மெக்கானிக் படிக்கும் மாணவர் ஃபில்டர் சுத்தம் செய்வதை விளக்க வருகிறார். முதல் தடவை பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: "மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களே, என் அருமை நண்பர்களே, அனைவருக்கும் என் முதற்கண் வணக்கம். நான் இன்று உங்கள் முன் பேச எடுத்துக்கொண்ட தலைப்பு..." அதற்குப் பிறகுதான் விஷயமே தொடங்கும். 2 நிமிடத்தில் அரை நிமிடம் வணக்கத்துக்கே போய்விட்டது. அவரிடம், "உங்க அக்கா வீட்டு ஏ.சி.யில காத்து வரலைன்னா என்ன சொல்லுவீங்க? அப்படியே சொல்லுங்க" என்று கேளுங்கள். இரண்டாம் தடவை வந்து நிற்பார்: "ஏ.சி. ஓடுது, காத்து கம்மியா வருதா? முதல்ல ஃபில்டரைப் பாருங்க. ஸ்விட்ச்சை அணைச்சிட்டு மூடியை மேல தூக்குங்க. வலை மாதிரி ரெண்டு வரும், இதோ. தூசி படிஞ்ச பக்கத்துக்குப் பின்னாடியிருந்து தண்ணி விடுங்க. நிழல்ல காயவையுங்க, வெயில் வேண்டாம், வளைஞ்சிடும்." இதைச் சொல்லும்போது ஃபில்டரை வெளிச்சத்தில் உயர்த்திப் பிடித்து, அடைந்துகிடக்கும் கண்களை வகுப்புக்குக் காட்டுவார். அப்போது அவர் கை நடுங்குவதில்லை.

தயாரிப்பு முறை:

1. சொல்ல வேண்டியதை முதலில் ஒரு தோழரிடம் வாயால் சொல்லிப் பார்க்கட்டும். எழுதவே வேண்டாம்.
2. பிறகு ஒரு துண்டுச்சீட்டில் ஐந்து சொற்கள் மட்டும். ஏ.சி. மாணவருக்கு: காற்று, ஸ்விட்ச், வலை, தண்ணீர், நிழல்.
3. முதல் வாக்கியமும் கடைசி வாக்கியமும் மட்டும் நெட்டுரு. நடுவிலுள்ளவை சீட்டைப் பார்த்து வரட்டும்.
4. வீட்டில் நின்றபடி இரண்டு முறை, நேரம் பார்த்து.

குறிப்பு: முழுப் பேச்சையும் மனப்பாடம் செய்து வருபவரை எளிதில் கண்டுபிடிக்கலாம். கண் கூரையைப் பார்க்கும், ஒரு சொல் விட்டுப்போனால் முதல் வரிக்குத் திரும்பி ஓடும். அவரைத் திட்ட வேண்டாம். நடுவில் மெதுவாக, "அந்த இடத்தை இன்னொரு தடவை காட்டுங்களேன்" என்று ஒரு கேள்வி கேளுங்கள். பதில் சொல்லத் தொடங்கியதும் உருப்போட்ட குரல் போய்ச் சொந்தக் குரல் வந்துவிடும்.

கருத்துச் சொல்லும் முறை

1. பேசி முடித்ததும் முதல் வார்த்தையைப் பேசியவரே சொல்லட்டும்: எந்த இடம் நன்றாக வந்தது?
2. கேட்டவர்களில் இருவர், தங்களுக்கு நினைவில் நிற்பது என்ன என்று சொல்லட்டும். "சூப்பர்", "நல்லா இருந்துச்சு" செல்லாது. பேச்சிலிருந்து ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும்.
3. கடைசியில் நீங்கள், அடுத்த முறை மாற்ற வேண்டிய ஒன்றை மட்டும் சொல்லுங்கள். ஆறு குறை தெரிந்தாலும் ஒன்றுதான்.
4. அந்த ஒன்றை உடனே செய்துபார்க்க 20 விநாடி கொடுங்கள். "முதல் வாக்கியத்தை மட்டும் ஜன்னலோரம் இருப்பவருக்குக் கேட்கும்படி சொல்லுங்கள்." திருத்தம் அங்கேயே கைகூடிவிடும்.

பேச்சின் நடுவில் உச்சரிப்பைத் திருத்தாதீர்கள். ழகரம் வராதவரை எல்லோர் முன்னிலும் நிறுத்தினால் அவர் நாக்கு மட்டுமல்ல, பேச்சே நின்றுவிடும். ழ, ள, ல வேறுபாட்டுக்கு வகுப்பு முழுவதும் சேர்ந்து சொல்லும் 5 நிமிடப் பயிற்சியைத் தனியாக வையுங்கள். வட்டார வழக்கு பிழையே அல்ல. நெல்லைப் பேச்சும் கொங்குப் பேச்சும் வாடிக்கையாளருக்குப் புரிகிறது, அது போதும்.

கேட்கும் பயிற்சி: முதுகோடு முதுகு

வேலைக்குப் போன இடத்தில் நம் மாணவர்கள் திட்டு வாங்குவது மேடையில் பேசத் தெரியாததால் அல்ல, சொன்னதைத் தவறாகக் கேட்டுக்கொண்டதால்தான். இதற்கு எல்லா வாரமும் 10 நிமிடம் ஒதுக்குங்கள்.

1. இருவரை முதுகோடு முதுகு உட்காரவையுங்கள். முகம் தெரியக் கூடாது. போனில் பேசுவது போல.
2. ஒருவர் வாடிக்கையாளர். அவரிடம் ஒரு சீட்டு: பெயர், பகுதி, பழுது, எப்போது வர வேண்டும், ஒரு கற்பனை போன் எண்.
3. மற்றவர் கடைக்காரர். கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும்.
4. எழுதியதை அப்படியே திருப்பிச் சொல்லிச் சரிபார்க்க வேண்டும். இந்தப் படியை விட்டவருக்கு அன்றைய பயிற்சி முடியவில்லை என்று பொருள்.
5. சீட்டையும் எழுதியதையும் ஒப்பிடுங்கள்.

தவறு எங்கே விழுகிறது என்பதை நீங்களே பார்ப்பீர்கள்: எண்ணில். ஆங்கிலத்தில் ஃபிஃப்டீன், ஃபிஃப்டி இரண்டும் போனில் ஒன்றுபோல் கேட்கும். தமிழில் பதினைந்தும் ஐம்பதும் குழம்பாது. சந்தேகம் வந்தால் தமிழில் ஒருமுறை கேட்டுக்கொள்ளும் பழக்கத்தை ஏற்படுத்துங்கள். செவிலியர் உதவியாளர் வகுப்பில் இதே பயிற்சியை ஷிப்ட் மாறும்போது ஒப்படைக்கும் தகவலாக மாற்றுங்கள்: படுக்கை எண், நோயாளி பெயர், கடைசியாகப் பார்த்த காய்ச்சல் அளவு, அடுத்து செய்ய வேண்டியது. அங்கே ஓர் எண் மாறினால் அது ஓர் உயிரின் விஷயம் என்பதை அழுத்திச் சொல்லுங்கள்.

ஆங்கிலம் எப்போது?

தமிழில் 3 நிமிடம் நின்று பேச வந்த பிறகு. அதற்கு முன் ஆங்கிலத்தைத் திணித்தால் மேடை பயமும் மொழி பயமும் சேர்ந்துகொள்ளும். இன்டர்வியூவில் "டெல் மீ அபவுட் யுவர்செல்ஃப்" என்ற கேள்வி வரும். அதற்கு நான்கு வாக்கியம் போதும்: பெயர், படித்த படிப்பு, தனக்குச் செய்யத் தெரிந்த இரண்டு வேலை, பயிற்சிக்குப் போன இடம். முதலில் தமிழில் சொல்லவைத்து, பிறகு ஆங்கிலத்துக்கு மாற்றுங்கள். "மைசெல்ஃப் குமார்" என்று தொடங்கும் பழக்கத்தை மட்டும் முதலிலேயே நீக்கிவிடுங்கள். "ஐ ஆம் குமார்" போதும்.

மைக் பிடித்தல்

1. வாய்க்கும் மைக்குக்கும் நான்கு விரல் முதல் ஒரு சாண் வரை இடைவெளி.
2. நேராக வாயின் முன் வேண்டாம். மோவாய்ப் பக்கம் சற்றுத் தாழ்த்திப் பிடித்தால் 'ப' ஒலியில் காற்று அறையாது.
3. வலைத்தலையைக் கையால் பொத்தக் கூடாது. ஸ்பீக்கர் முன்னால் போய் நிற்கவும் கூடாது. இரண்டுமே கீச்சிடவைக்கும்.
4. தட்டியோ ஊதியோ பார்க்க வேண்டாம். "வணக்கம்" என்று சொன்னாலே தெரிந்துவிடும்.

பாதுகாப்பு

*மின்சாரம்:* ஆம்ப்ளிஃபயருக்கு மூன்று பின் பிளக்கும் எர்த் உள்ள சாக்கெட்டும் கட்டாயம். மைக்கைத் தொட்டதும் சுருக்கென்றால் மெயினை அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். துணி சுற்றிப் பிடித்துச் சமாளிக்க வேண்டாம். ஈரக் கையோடு தொடக் கூடாது. நடக்கும் வழியில் கிடக்கும் வயர்களை டேப் போட்டுத் தரையோடு ஒட்டுங்கள்.

*மயக்கம்:* காலையில் சாப்பிடாமல் வருபவர்கள் பலர். பயத்தில் முழங்காலை விறைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றால் தலை சுற்றும். முழங்காலைச் சற்றுத் தளர்த்தி நிற்கக் கற்றுக்கொடுங்கள். முகம் வெளுத்து வேர்த்தால் பேச்சை நிறுத்திப் படுக்கவைத்து, காலைச் சற்று உயர்த்துங்கள். சீக்கிரம் தெளியவில்லை என்றால் 108-ஐ அழையுங்கள்.

*படபடப்பு:* மூச்சை இழுத்துக்கொண்டே இருந்தால் படபடப்பு கூடும். மெதுவாக, நீளமாக வெளியே விடச் சொல்லுங்கள். மூன்று முறை போதும்.

*திக்கிப் பேசுபவர்:* அவருடைய சொல்லை நீங்கள் முடித்துவைக்காதீர்கள். "நிதானமா, பதற்றப்படாம பேசு" என்றும் சொல்லாதீர்கள். அது பதற்றத்தைத்தான் கூட்டும். அவர் முகத்தைப் பார்த்துக் காத்திருங்கள். சிவப்பு அட்டை அவருக்கு வேண்டாம். எப்படிச் செய்தால் அவருக்கு வசதி என்று தனியாகக் கேளுங்கள். அவர் விரும்பினால் அரசு மருத்துவமனையின் பேச்சு சிகிச்சைப் பிரிவுக்கு வழிகாட்டுங்கள். சிரித்தவர் யாராக இருந்தாலும் அந்த நிமிடமே நிறுத்துங்கள்.

*வீடியோ:* பேச்சைப் பதிவு செய்து பார்ப்பது நல்ல பயிற்சி. ஆனால் பேசுபவரின் சொந்தப் போனில் மட்டும் எடுங்கள். வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போடக் கூடாது. ஒரு பெண் தடுமாறிய 10 விநாடித் துண்டு ஊர் முழுக்கச் சுற்றினால், அவர் படிப்பையே வீட்டில் நிறுத்திவிடுவார்கள். இந்த விதியை முதல் நாளே சொல்லி, ஒவ்வொருவரிடமும் சம்மதம் வாங்குங்கள்.

மதிப்பெண்

25 மதிப்பெண் என்றால் ஐந்து பகுதிக்கு ஐந்தைந்து: குரல் கடைசி ஆளுக்குக் கேட்டதா, வரிசை புரிந்ததா, நேரத்துக்குள் முடித்தாரா, முகம் பார்த்துப் பேசினாரா, கேள்விக்குப் பதில் சொன்னாரா. அழகு தமிழுக்கும் ஆங்கிலச் சரளத்துக்கும் தனி மதிப்பெண் வேண்டாம். அவை ஏற்கெனவே நல்ல பள்ளியில் படித்தவருக்கே போய்ச் சேரும்.

மதிப்பெண் தாளோடு பெயர்ப் பட்டியல் ஒன்றையும் வைத்துக்கொண்டு, பேசியவர் பெயருக்கு நேரே தேதி போட்டு வாருங்கள். சுறுசுறுப்பான ஏழெட்டுப் பேரே எல்லா நாளும் பேசியிருப்பதை அந்தப் பட்டியல் காட்டிக்கொடுக்கும். அடுத்த வகுப்பை, பெயருக்கு நேரே தேதி இல்லாதவர்களிடமிருந்து தொடங்குங்கள்.